நாகப்பட்டினத்தில் பிறந்து பொன்மலைக்குப் போன ரயில்வே

சென்னையில் வெளியூர் வண்டி பிடிக்கப் போகிறவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, வண்டி எழும்பூரிலிருந்தா சென்ட்ரலிலிருந்தா என்பதுதான். கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி என்றால் பெரும்பாலும் எழும்பூர். கோவை, பாலக்காடு, மங்களூர் என்றால் சென்ட்ரல். ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாத தூரத்தில் இருக்கும் இரண்டு நிலையங்கள் ஊரை இப்படிப் பங்குபோட்டுக்கொண்டதற்குக் காரணம், அவை இரண்டு வேறு கம்பெனிகளின் வாசல்களாக இருந்தவை என்பதே. சென்ட்ரல் மெட்ராஸ் ரயில்வேயின் நிலையமாகத் தொடங்கி, பிறகு எம்.எஸ்.எம். என்று அழைக்கப்பட்ட மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் கைக்குப் போனது. எழும்பூர், சவுத் இந்தியன் ரயில்வேயின் சொத்து. பழைய ரயில்வே குடும்பங்களில் அதற்குப் பெயர் எஸ்.ஐ.ஆர்.

இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொள்வது அந்த எஸ்.ஐ.ஆரின் கதையை. அது ஒரே கம்பெனியாகப் பிறந்து வளர்ந்ததல்ல. ஒன்றோடு ஒன்று பொருந்தாத பாதைகளும், வெவ்வேறு முதலாளிகளின் பணமும், இரண்டு அரசுகளின் எல்லைகளும், ஜில்லா போர்டுகளின் வரிப்பணமும் சேர்த்துத் தைக்கப்பட்டது. ரயில்வே வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இணைப்புகளை வளர்ச்சிப் படிகளாக வரிசைப்படுத்துவது வழக்கம். லண்டனில் இருந்த இயக்குநர் குழுவின் கணக்கில் அது வளர்ச்சிதான். நாகப்பட்டினத்திலிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரி தெரிகிறது. ஒவ்வொரு இணைப்பின்போதும் ஏதோ ஓர் ஊர் எதையோ இழந்தது; அதிகம் இழந்தது, கம்பெனியைப் பெற்றெடுத்த ஊர்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அது மெட்ராஸ் ரயில்வே. அந்தக் கம்பெனியின் பார்வை மேற்கு நோக்கி இருந்தது. ஜோலார்பேட்டை, சேலம், கோவை வழியாக மலபார் கடற்கரையைத் தொடுவது அதன் திட்டம். காவிரிக்குத் தெற்கே இருந்த தமிழ்நாடு அதன் வரைபடத்தில் இல்லை. அந்த வெற்றிடத்துக்காகவே இங்கிலாந்தில் கிளம்பியது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே.

அந்தக் கம்பெனி வேலையைத் தொடங்கிய இடம் சென்னை அல்ல, நாகப்பட்டினம். இன்று கேட்டால் வியப்பாக இருக்கலாம். அன்றைய கணக்கில் அது இயல்பான தேர்வு. நாகை பழைய துறைமுகம். தஞ்சைச் சீமையின் நெல்லும் அரிசியும் இலங்கைக்குப் போன வழி. கீழ்த்திசை நாடுகளோடு வணிகம் நடந்த கரை. டெல்டா தட்டை நிலம், மலை வெட்ட வேண்டாம். பாதை காவிரிக்குத் தெற்கிலேயே போவதால் கொள்ளிடத்தைக் கடக்கும் பெரிய பாலமும் வேண்டாம். தண்டவாளமும் இன்ஜினும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து கரையிறங்கும் இடத்திலிருந்தே பாதை போட்டுக்கொண்டு உள்ளே போகலாம். 1861 ஜூலையில் நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் வரை வண்டி ஓடியது. அதே ஆண்டு டிசம்பரில் தஞ்சாவூர், 1862 மார்ச்சில் திருச்சி. ஏறக்குறைய 80 மைல். ஐந்தடி ஆறு அங்குல அகலப் பாதை, அதாவது இன்றைக்கு நாடு முழுவதும் ஓடும் அதே பிராட் கேஜ். பிறகு கரூர் வழியாக 1868ல் ஈரோட்டை அடைந்து மெட்ராஸ் ரயில்வேயின் பாதையோடு கைகோத்தது. இரண்டும் ஒரே அகலம். நாகையில் ஏற்றிய மூட்டையை வழியில் இறக்காமலே பேப்பூர் வரை கொண்டுபோகலாம் என்ற நிலை.

இதற்கெல்லாம் பணம் போட்டவர்களுக்கு ஐந்து சதவீத வட்டியை அரசு உத்தரவாதம் செய்திருந்தது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் லண்டனில் பங்கு வைத்திருந்தவருக்கு வட்டி போய்ச் சேர்ந்துவிடும். குறைந்ததை இந்தியாவின் வருவாயிலிருந்து ஈடுகட்ட வேண்டும். ஆபத்தில்லாத முதலீடு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அப்படிப்பட்ட முதலீட்டில் சிக்கனம் எப்படி வரும்?

கதையின் இன்னொரு பாத்திரம் மிகச் சிறியது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு இந்தியன் டிராம்வே கம்பெனி 1865ல் ஒரு பாதை போட்டது. பத்தொன்பது மைல் நீளம், மூன்றரை அடி அகலம். மெட்ராஸ் ரயில்வே பாதையிலிருந்து கோயில் நகரத்துக்கும் நெசவாளர் ஊருக்கும் ஒரு கிளை, அவ்வளவுதான். இதற்கு வட்டி உத்தரவாதம் இல்லை. அரசு மானியத்தை நம்பி நின்றது. பிழைப்பு நடக்காமல் போகவே, தெற்கே நீண்டு போகும் திட்டத்தோடு கர்நாடிக் ரயில்வே என்று பெயரை மாற்றிக்கொண்டது.

1874ல் கிரேட் சதர்னும் கர்நாடிக்கும் இணைந்தன. பிறந்தது சவுத் இந்தியன் ரயில்வே.

கம்பெனியின் வரலாற்றில் ஒரு வரியாக முடிந்துபோகும் இந்த இணைப்பில்தான் தென் தமிழ்நாட்டின் அடுத்த நூற்றுச் சொச்ச ஆண்டு ரயில் பயணம் தீர்மானமானது. காரணம், பாதையின் அகலம். ஒரு கம்பெனியிடம் ஐந்தரை அடி, இன்னொன்றிடம் மூன்றரை அடி. இரண்டில் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒருவராவது தப்பித்திருப்பார். தேர்ந்தெடுத்தது மூன்றாவதை. 1870ஐ ஒட்டி மேயோ பிரபுவின் அரசு, இனிச் செலவு குறைந்த பாதைகளுக்கு ஒரு மீட்டர் அகலம் போதும் என்று முடிவெடுத்திருந்தது. ஐந்து சதவீத உத்தரவாதம் கஜானாவை உறிஞ்சியதன் எதிர்வினை அது. புதிய கம்பெனி அந்த மீட்டர் கேஜை ஏற்றுக்கொண்டது. புதிதாகப் போட வேண்டிய நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அது சிக்கனம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஏற்கெனவே பிராட் கேஜில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாகை - திருச்சிப் பாதையையும் 1875ல் பெயர்த்து மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். திருச்சி - ஈரோடு 1879ல் குறுகியது. காஞ்சிபுரத்து மூன்றரை அடிப் பாதையும் அந்த ஆண்டுகளிலேயே மீட்டருக்கு மாறியது.

விளைவு ஈரோட்டில் தெரிந்தது. அதுவரை ஒரே அகலத்தில் இணைந்திருந்த இரண்டு பாதைகள் அங்கே அறுந்துபோயின. டெல்டாவிலிருந்து வந்த ஒவ்வொரு நெல் மூட்டையும் மீட்டர் கேஜ் வேகனிலிருந்து கூலியாட்களின் முதுகில் இறங்கி, எதிரே நிற்கும் பிராட் கேஜ் வேகனில் ஏற வேண்டும். கூலி, காலதாமதம், சிந்துகிற நெல், காணாமல் போகிற மூட்டை எல்லாம் வியாபாரியின் தலையில். தவறு என்று கம்பெனிக்கே புரிந்து, ஈரோடு - திருச்சிப் பாதையை மறுபடி பிராட் கேஜாக்கியபோது ஆண்டு 1929. அகலமாகப் போட்டு, குறுக்கி, மறுபடி அகலமாக்கியது; மூன்று முறையும் செலவு நம்முடையது. திருச்சிக்குக் கிழக்கே, நாகை வரைக்கும் உள்ள பகுதிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இந்த நூற்றாண்டு பிறந்த பிறகுதான் பிராட் கேஜ் வண்டி மறுபடி நாகப்பட்டினத்துக்குள் நுழைந்தது. ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டு இடைவெளி.

மற்றபடி அந்தப் பத்தாண்டின் வேகம் வியக்கத்தக்கதுதான். 1876 தொடக்கத்துக்குள் திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை பாதை போய்விட்டது. மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை. வடக்கே சென்னையிலிருந்து செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம் என்று இறங்கி வந்த பாதை தஞ்சாவூரைத் தொட்டது. டெல்டாக்காரர்கள் இன்றும் 'மெயின் லைன்' என்று சொல்வது இதைத்தான். விருத்தாசலம், அரியலூர் வழியாக விழுப்புரத்தையும் திருச்சியையும் நேராக இணைத்த 'கார்டு லைன்' 1920களின் இறுதியில்தான் வந்தது. வந்தபின் வேகமான வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. பெயர் மட்டும் மெயின் லைன். முக்கியத்துவம் கார்டு லைனுக்கு. மாயவரத்திலும் கும்பகோணத்திலும் இந்த மனக்குறை இன்னும் ஆறவில்லை.

பாதை போன ஊர்களின் பெயர்களைப் பார்த்தாலே இது எப்படிப்பட்ட ரயில்வே என்று விளங்கிவிடும். சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில், கும்பகோணம், தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், மதுரை, பிறகு ராமேஸ்வரம். நிலக்கரிச் சுரங்கமோ பெரிய ஆலைகளோ நிறைந்த பாதை அல்ல. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மூட்டை முடிச்சோடு ஏறும் யாத்ரீகர்களின் பாதை. மகாமகம் வந்தால் கும்பகோணத்துக்குத் தனி வண்டிகள் விட வேண்டும். கம்பெனி படங்களுடன் ஒரு வழிகாட்டி நூலே ஆங்கிலத்தில் வெளியிட்டு, எந்த நிலையத்தில் இறங்கினால் எந்தக் கோயில், தங்க எங்கே சத்திரம் என்றெல்லாம் ஊர் ஊராக எழுதிவைத்தது. துரைமார்களுக்கான நூல்தான், ஆனாலும் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் சிற்றூர்களைப் பற்றி இவ்வளவு செய்தி வேறு எங்கும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

1890 இறுதியில் ஒரு மாற்றம் நடந்தது. பயணிகள் யாரும் அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. ஒப்பந்தப்படி அரசு இந்தப் பாதைகளை விலைக்கு வாங்கிக்கொண்டது. உடனே, அதே பெயரில் லண்டனில் பதிவான ஒரு புதிய கம்பெனியிடம் நடத்தும் பொறுப்பை ஒப்படைத்தது. நிலம் மிராசுதாருடையது, சாகுபடி குத்தகைதாரருடையது என்ற தஞ்சாவூர் ஏற்பாடுதான் இது. ஒரே வித்தியாசம், இங்கே குத்தகைதாரரின் அதிகாரத்தைத்தான் எல்லோரும் கண்டார்கள். 1891 முதல் 1944 வரை எஸ்.ஐ.ஆர். என்று நாம் சொல்வது உண்மையில் அரசின் பாதையை நடத்திய ஒரு நிர்வாகக் கம்பெனியை.

குத்தகைக்கு விட்டவர் அரசு மட்டுமல்ல. விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு 1879ல் பாதை திறந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த துண்டு பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனிக்குச் சொந்தம். வண்டி ஓட்டியது எஸ்.ஐ.ஆர். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898ல் வந்த பாதையும் அப்படித்தான். ஒரே வண்டி, நடுவில் ஒரு சாம்ராஜ்யத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். மேற்கே திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லம் சென்ற 1904ஆம் ஆண்டுப் பாதைக்குப் பின்னால் திருவிதாங்கூர் சமஸ்தானம் நின்றது. மலையைக் குடைந்து, பதின்மூன்று கண் பாலத்தின் மேல் ஏறி அந்த வண்டி போன அழகை நேரில் பார்த்தவர்கள் மீட்டர் கேஜைக் குறை சொல்லத் தயங்குவார்கள்.

இவற்றுள் தனியாக நின்று பேச வேண்டியது தஞ்சாவூர் ஜில்லா போர்டு ரயில்வே. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894ல் ஒரு பாதை திறந்தது. பத்தாண்டுக்குள் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வரை நீண்டது. பணம் லண்டனிலிருந்து வரவில்லை. நிலவரியோடு சேர்த்து மிராசுதாரர்களிடமும் சிறு விவசாயிகளிடமும் ஒரு செஸ் வசூலித்து, அந்தத் தொகையைச் சேர்த்துவைத்துப் போட்ட பாதை அது. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு சொந்தமாக ரயில்பாதை வைத்துக்கொண்டதற்கு முன்னோடி. ஓட்டிக் கொடுத்தது எஸ்.ஐ.ஆர்.; வருமானத்தில் போர்டுக்குப் பங்கு. இதைப் பார்த்து மற்ற ஜில்லாக்களும் கிளம்பின. கோயம்புத்தூர் ஜில்லா போத்தனூர் - பொள்ளாச்சிப் பாதையையும், திருநெல்வேலி ஜில்லா திருச்செந்தூர்ப் பாதையையும் இப்படித்தான் பெற்றன. ரயிலை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்தப் பாதைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தங்கள் கிராமத்துக்கு ரயில் வேண்டும் என்று விவசாயிகள் தாங்களே வரி கட்டிப் போட்டுக்கொண்டவை இவை. உள்ளாட்சிக்கு இன்றைக்கு அந்தத் துணிச்சலும் இல்லை, அதிகாரமும் இல்லை.

அடுத்த பெரிய மாற்றம் 1908. மெட்ராஸ் ரயில்வே என்ற பழைய கம்பெனி கலைந்தது. அதன் வடக்கு, வடமேற்குப் பாதைகள் சதர்ன் மராட்டாவோடு சேர்ந்து எம்.எஸ்.எம். ஆயின. ஜோலார்பேட்டைக்குத் தெற்கும் மேற்கும் உள்ள பாதைகள், அதாவது சேலம், ஈரோடு, கோவை, பாலக்காடு, மங்களூர் வரை, எஸ்.ஐ.ஆருக்கு வந்தன. கூடவே மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையும் வந்தது. பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் அந்தப் பாதையைத் தொடங்கிய முதல் கம்பெனி வேலையை முடிக்காமலே திவாலானது, பிறகு வந்தவர்கள் 1899ல் குன்னூர் வரை வண்டியை ஏற்றினார்கள், எஸ்.ஐ.ஆர். கைக்கு வந்த 1908ல் அது ஊட்டியைத் தொட்டது. அதே ஆண்டு ஜூன் 11 அன்று எழும்பூரின் இன்றைய கட்டடமும் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் வடிவமைத்து, பெங்களூர் ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை கட்டியது. செலவு 17 லட்சம் ரூபாய்.

இதோடு கம்பெனிக்கு இரட்டை வாழ்க்கை தொடங்கியது. கிழக்கும் தெற்கும் மீட்டர் கேஜ், மேற்கு பிராட் கேஜ். எழும்பூரில் ஒரு வீடு. மலபார் வண்டிகளுக்கு ஜோலார்பேட்டை வரை எம்.எஸ்.எம். பாதையிலும் சென்ட்ரல் நிலையத்திலும் வாடகைக்குக் குடியிருப்பு. நாகப்பட்டினத்தில் ஒரு பட்டறை, போத்தனூரில் இன்னொன்று. இந்த இரட்டைப் பட்டறை பின்னால் பெரிய விவகாரமாகப் போகிறது.

மலபார்ப் பாதையின் பெயரோடு என்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் நாள் 1921 நவம்பர் 20. மாப்பிளைக் கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகள் நூறு பேரளவில் திரூரில் ஒரு மூடிய சரக்கு வேகனில் அடைக்கப்பட்டு அனுப்பப்பட்டார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் கிடந்தன. பிறகு இறந்தவர்களையும் சேர்த்து எழுபது பேர் வரை மூச்சுத்திணறி மாண்டார்கள். கம்பெனி வரலாறுகளில் இதற்குக் கிடைக்கும் இடம் சொற்பம்.

எஸ்.ஐ.ஆரின் பெருமை என்று எல்லோரும் சொல்வது போட் மெயில். முதலில் அது சென்னை - தூத்துக்குடி வண்டி. தூத்துக்குடியில் இறங்கிக் கப்பலேறினால் கொழும்பு. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தக் கடல்வழிப் போக்குவரத்தைப் பங்கிட்டுக்கொள்ளத்தான். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் காத்திருந்ததும் தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகவே. திருநெல்வேலி வண்டியில் வந்து, முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு அமர்ந்திருந்தார். ஜங்ஷனில் வண்டி மாறக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். நிலையத்தின் பெயர் இன்று வாஞ்சி மணியாச்சி.

கப்பலேறியவர்களில் துரைமார்களும் வியாபாரிகளும் சிலர். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள் பல மடங்கு. கங்காணிகள் திரட்டிக் கொண்டுவந்தவர்களைத் தட்டப்பாறை முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். பாம்பன் வழி திறந்தபின் அந்த வேலை மண்டபம் முகாமுக்கு மாறியது. இலங்கையின் மலையகத் தமிழர் குடும்பங்கள் பலவற்றின் கதையில் இந்த இரண்டு முகாம்களும், இடையில் ஓர் எஸ்.ஐ.ஆர். மூன்றாம் வகுப்புப் பெட்டியும் உண்டு.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடலின் மீது பாதை. நடுவில் கப்பல் போக வழிவிட்டு இரண்டு கைகளாக மேலெழும் ஷெர்சர் தூக்குப்பாலம். மின்சாரமோ மோட்டாரோ இல்லை. கப்பல் வரும் செய்தி கிடைத்ததும் ஆட்கள் இரு பக்கமும் நின்று, நெம்புகோல்களை மாட்டிச் சுற்றிச் சுற்றித் தள்ளுவார்கள். பல டன் எடையுள்ள இரும்பு மெல்லப் பின்னோக்கி உருண்டு நிமிரும். உப்புக் காற்றில், வழுக்கும் தளத்தில், தாளம் தப்பாமல் செய்ய வேண்டிய வேலை. அதற்குப் பிறகு போட் மெயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து கம்பெனியின் சொந்த நீராவிக் கப்பல்களில் இருபத்திரண்டு மைல் கடந்தால் தலைமன்னார். அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு கோட்டை வரை போகலாம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழியின் முக்கால் உயிர் போயிற்று. ராமேஸ்வரத்திலிருந்து நடந்த கப்பலும் 1980களில் நின்றது.

நாகப்பட்டினத்தில் துறைமுகம் தேய்ந்தது. தூத்துக்குடியும் சென்னையும் வளர்ந்தன. ஆனாலும் ஊருக்கு ஒரு பிடிப்பு மிச்சமிருந்தது. அதுதான் ரயில்வே பட்டறை. கிரேட் சதர்ன் காலத்திலிருந்து இன்ஜின்களும் பெட்டிகளும் பழுது பார்க்கப்பட்ட இடம். கொல்லர், தச்சர், ஃபிட்டர் என்று தலைமுறை தலைமுறையாகத் தொழில் கற்ற குடும்பங்கள் அதைச் சுற்றி இருந்தன. 1920களில் கம்பெனி ஒரு முடிவெடுத்தது: நாகையிலும் போத்தனூரிலும் தனித்தனியாகப் பட்டறை வேண்டாம், திருச்சிக்கு அருகே பொன்மலையில் இரண்டு கேஜுக்கும் சேர்த்து ஒரே பெரிய பணிமனை போதும். பொறியாளரின் பார்வையில் குறை சொல்ல முடியாத திட்டம். திருச்சி பாதைகளின் நடுவில் இருக்கிறது, இடம் தாராளம், புது இயந்திரங்கள். ஆனால் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தால் அத்தனை ஆள் வேண்டாம் அல்லவா? தொழிலாளர்களின் திறமையைச் சோதிக்கிறோம் என்ற பெயரில் பரீட்சை வைத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பக் கம்பெனி தயாரானது.

1928 கோடையில் பட்டறைகளில் கொதிப்பு தொடங்கியது. ஜூன் இறுதியில் நிர்வாகம் பட்டறைகளை இழுத்து மூடியது. ஜூலை 19 நள்ளிரவு முதல் பாதை முழுவதும் பொது வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னால் நின்றார்கள். சிங்காரவேலருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. பத்து நாட்களுக்கு மேல் வண்டிகள் தடுமாறின. தலைவர்கள் கைதானார்கள், போலீஸ் நெருக்கடி முற்றியது, ஜூலை 30ல் போராட்டம் முறிந்தது. இருவருக்கும் பத்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது, மேல்முறையீட்டில் குறைந்தது. தொழிலாளர் தோற்றார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் தென்னிந்தியத் தொழிற்சங்க வரலாற்றை எழுதப் புகுந்த எவராலும் இந்த வேலைநிறுத்தத்தைத் தாண்டிப்போக முடிந்ததில்லை. பொன்மலை எழுந்தது, நாகையின் பட்டறைக் குடும்பங்கள் பிழைப்பைத் தேடித் திருச்சிப் பக்கம் குடிபெயர்ந்தன.

மற்ற இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1931ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலமும் பல்லாவரமும் நகரத்தின் பகுதியானது சீசன் டிக்கெட்டின் புண்ணியத்தில். 1941ல் ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு இன்னொரு பக்கம் என்றிருந்த வழக்கம் நீங்கியது. தானாக நீங்கவில்லை, பெரியாரும் நீதிக்கட்சியும் விடாமல் எதிர்த்ததால் நீங்கியது. மின்சாரம் வந்து பத்தாண்டு கழித்துத்தான் அந்தப் பலகைகள் இறங்கின என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

போர்க்காலத்தில் போடி, நிலம்பூர் போன்ற கிளைப் பாதைகளின் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1944 ஏப்ரல் 1 அன்று கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து, நிர்வாகம் நேரடியாக அரசிடம் வந்தது. முதலாளி மாறினாலும் லத்தி மாறவில்லை. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது மலபார் சிறப்புப் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். சங்கத் தலைவர் அனந்தன் நம்பியார் அன்று காயம்பட்டவர்களில் ஒருவர். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரானார். பொன்மலையில் அந்த நாளை இன்றும் தியாகிகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

கடைசி இணைப்பு 1951 ஏப்ரல் 14. எஸ்.ஐ.ஆர்., எம்.எஸ்.எம்., மைசூர் ஸ்டேட் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. சுதந்திர இந்தியாவில் உருவான முதல் ரயில்வே மண்டலம் இதுதான். தலைமையகம் சென்னை, திருச்சிக்கு மிஞ்சியது கோட்ட அலுவலகமும் பொன்மலையும். ஒரு கம்பெனியின் தலைநகராக இருந்த திருச்சியும் இப்போது நாகையின் வரிசையில் சேர்ந்தது.

பெயர்ப்பலகை ஒரே நாளில் மாறிவிட்டது. பாதை ஒன்றாக அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. தாம்பரம் வழியின் கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலையில் நின்றது. செங்கோட்டை - புனலூர் மலைப்பாதை 2018ல் அகலமானது. பெரும்பகுதியை விவசாயிகள் வரி கட்டிப் போட்ட திருவாரூர் - பட்டுக்கோட்டை - காரைக்குடிப் பாதை பல ஆண்டு மூடிக் கிடந்து 2019ல் திறந்தது. 1980களில் நிறுத்திய பேரளம் - காரைக்கால் பாதை அண்மையில்தான் மறுபடி போடப்பட்டது. மாயவரம் - தரங்கம்பாடிப் பாதைக்கு அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை. 1986ல் மூடியது மூடியதுதான். டெல்டாவின் கிளைப் பாதைகள் எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கவனிக்கப்பட்டதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. 1874லிருந்து ஒவ்வொரு இணைப்பும் அதிகாரத்தைக் கடற்கரையிலிருந்து ஒரு படி தள்ளி வைத்தது; வரிசையில் பின்னால் நிற்பவருக்குச் சோறு கடைசியில்தான் வரும்.

எஸ்.ஐ.ஆர். பற்றி இப்போது கிடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி கம்பெனியும் அரசும் ஆங்கிலத்தில் எழுதிவைத்தவை. தொழிலாளர் பக்கத்துச் சான்றுகள் வீடுகளில்தான் இருக்கின்றன. நாகப்பட்டினம், பொன்மலை, போத்தனூர், விழுப்புரம், மதுரை ரயில்வே காலனிகளில் வாழ்ந்த குடும்பங்களில் தாத்தாவின் சர்வீஸ் புத்தகம், பித்தளை பேட்ஜ், பாஸ், 1928லும் 1946லும் அச்சிட்ட சங்க நோட்டீஸ், தொழில் பழகிய காலத்து நோட்டுப் புத்தகம் ஏதேனும் பரணில் கிடக்கலாம். பழைய பேப்பர்க்காரரிடம் போடுவதற்கு முன் திருச்சியிலுள்ள ரயில்வே அருங்காட்சியகத்திலோ அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையிலோ ஒருமுறை காட்டுங்கள். படியெடுத்துக்கொள்ள அனுமதித்து மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டாலும் போதும்.